விமான டேங்க்கில் பூஞ்சை: மருந்துக்கு முன்னால் தண்ணீரை வடியுங்க!

புதுச்சேரி லாஸ்பேட்டை விமான நிலையத்தில் 2024 டிசம்பர் 20 முதல் மீண்டும் விமானச் சேவை நடக்கிறது. பெங்களூரு, ஹைதராபாத்துக்குப் போகும் ஏ.டி.ஆர். விமானங்களில் ஏறுபவர்கள் டிக்கெட் விலையைப் பார்ப்பார்கள். இறக்கைக்குள் இருக்கும் எரிபொருளை யார் நினைக்கப் போகிறார்கள்? ஆனால், கடற்கரை ஊரில் அதை யாராவது நினைத்தே ஆக வேண்டும்.

விமான எரிபொருள் என்பது நன்கு சுத்திகரித்த மண்ணெண்ணெய்தான். அதில் தண்ணீர் எப்படி வரும்? ஐஸ் பாட்டில் வெளியே வியர்க்குமே, அதே கதைதான். உயரத்தில் குளிர்ந்த டேங்க், கீழே இறங்கும்போது ஈரக்காற்றை உள்ளே இழுக்கிறது. ஈரம் சுவரில் துளித்துளியாகப் படிந்து அடியில் தேங்குகிறது.

உயரத்தில் அந்தத் தண்ணீர் உறையும். 2008 ஜனவரி 17 அன்று பெய்ஜிங்கிலிருந்து வந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் போயிங் 777, எரிபொருள் பாதையைப் பனிக்கட்டி அடைத்ததால் ஹீத்ரோ ஓடுபாதைக்கு முன்பே தரையில் மோதியது. உயிரிழப்பு இல்லை. எரிபொருளில் இருந்த தண்ணீர் வழக்கமான அளவுதான் என்பதே அதிர்ச்சி. பிறகு எரிபொருளைச் சூடாக்கும் கருவியின் வடிவமைப்பையே மாற்றினார்கள்.

வெயிலில் நின்றால் வேறு பிரச்சினை. தண்ணீரும் எரிபொருளும் தொடும் இடத்தில் 'அமோர்போதீகா ரெசினே' என்ற பூஞ்சை, எரிபொருளையே தின்று வளரும். வழவழப்பான படலம் ஃபில்டரை அடைக்கும். அமிலம் அலுமினியத்தை அரிக்கும்.

மருந்து இல்லையா? இருக்கு. 0.1 முதல் 0.15 சதவீதம் சேர்க்கும் உறைதடுப்பு ரசாயனம் பனியையும் பூஞ்சையையும் தடுக்கும். ராணுவ விமானங்களும் சில சிறிய ஜெட்களும் அதைப் பயன்படுத்துகின்றன. பெரிய பயணிகள் விமானங்களில் ஹீட்டர் இருப்பதால் பொதுவாகச் சேர்ப்பதில்லை. அதனால் பூஞ்சைக்கு எதிரான பாதுகாப்பும் கிடைப்பதில்லை. பூஞ்சை வந்தால் தனியாகக் கொல்லி மருந்து ஊற்ற வேண்டும்.

அங்கேயும் ஆபத்து உண்டு. 2020 பிப்ரவரியில் லண்டன் கேட்விக்கில் கிளம்பிய ஏர்பஸ் ஏ321-இன் இரண்டு இன்ஜின்களும் திணறின. பராமரிப்பின்போது பிபிஎம் கணக்கைத் தப்பாகப் போட்டு, பரிந்துரைத்ததைவிட சுமார் 38 மடங்கு மருந்து ஊற்றியிருந்தார்கள். விமானம் உடனே திரும்பி பத்திரமாக இறங்கியது.

ஆக, முதல் மருந்து ரசாயனம் அல்ல. டேங்க் அடியிலுள்ள வால்வைத் திறந்து, குப்பியில் பிடித்துப் பார்த்து, தண்ணீரை வடிப்பதுதான். தண்ணீர் தேங்காவிட்டால் பூஞ்சைக்கு வீடே இல்லை. வடகிழக்குப் பருவமழை கொட்டும் ஊரில், 'நேரமாச்சு' என்று சொல்லி அந்தச் சில நிமிட வேலையைத் தள்ளிப்போடவே கூடாது.