கேட்பவர் உண்டு, பதில் சொல்பவர் யார்?

பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு செல்லும் சாலையில் கோபாலபுரம் சோதனைச் சாவடியைக் கடந்ததும் கேரளம் தொடங்கிவிடுகிறது. மக்களின் பேச்சு மாறுவதில்லை. அரசு அலுவலகப் பலகைகளின் எழுத்துதான் மாறுகிறது. மழை நிரம்பப் பெறும் மாநிலம் என்று பெயரெடுத்த கேரளத்தில், சித்தூர் வட்டத்தின் இக்கிழக்குப் பகுதி மட்டும் விதிவிலக்கு. எருத்தேன்பதி, வடகரப்பதி, பெருமாட்டி போன்ற ஊராட்சிகளில் கோடை வந்தால் லாரித் தண்ணீருக்காகக் குடங்கள் வரிசை கட்டுவது வழக்கம். லாரி வராத வாரத்தில் யாரைக் கேட்பது என்பதே இங்குள்ள வாக்காளரின் முதல் அரசியல் கேள்வி.

அக்கேள்வியைக் கேட்க மூன்று அவைகள் உள்ளன. மூன்றிலும் அது எப்படிக் கைமாறுகிறது என்பது கவனிக்கத்தக்கது.

நாடாளுமன்றத்தில் எழுப்பினால், குடிநீர் மாநிலப் பட்டியலில் உள்ள பொருள் என்ற முன்னுரையோடுதான் மத்திய அமைச்சரின் பதில் தொடங்கும். 2019-ல் அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டத்துக்கு மத்திய அரசு நிதி தருகிறது. 2024-க்குள் ஊரக வீடுகள் அனைத்துக்கும் குழாய் இணைப்பு என்ற இலக்கு தவறியபோது, 2025 நிதிநிலை அறிக்கையில் கெடுவை 2028 வரை நீட்டித்தது. ஆயினும் செயல்படுத்துவது மாநிலமே என்று கூறி ஒதுங்கிக்கொள்ள அதற்கு வழி உண்டு.

மாநிலச் சட்டப்பேரவையிலோ வேறொரு சங்கடம். சித்தூர் தொகுதி உறுப்பினர் கே. கிருஷ்ணன்குட்டி 2018 நவம்பரில் நீர்வளத் துறை அமைச்சரானார். 2021 தேர்தலுக்குப் பின் மின்துறையை ஏற்றார். தொகுதிக்காரர் அமைச்சராவது ஊருக்குப் பெருமைதான், பலனும் உண்டு. ஆனால் அமைச்சர் கேள்வி நேரத்தில் பதில் சொல்பவரே தவிர, கேட்பவர் அல்லர். தண்ணீருக்குத் தவித்த தொகுதி, அவையில் தனக்கென நட்சத்திரக் குறியிட்ட ஒரு கேள்வியைத் தன் உறுப்பினர் வாயிலாகக் கேட்க முடியாத நிலைக்கு வந்தது. பிற தொகுதி உறுப்பினர்களின் தயவையே அது நம்பவேண்டியதாயிற்று.

கேட்ட கேள்விகளுக்காவது உடனே பதில் வருகிறதா? 'விவரம் சேகரிக்கப்பட்டு வருகிறது' என்ற வாசகம் திருவனந்தபுரத்தில் கட்சி வேறுபாடின்றி எல்லா ஆட்சிகளுக்கும் கைகொடுத்து வந்துள்ளது. துறைவாரியாகப் பொருட் குழுக்களை 1980-லேயே அமைத்து நாட்டுக்கு வழிகாட்டிய பேரவை அது என்பதை நினைக்கும்போது இக்குறை கூடுதலாக உறுத்துகிறது.

எஞ்சியிருப்பது ஊராட்சி. அரசியல் சட்டத்தின் 73-வது திருத்தம் 1993-ல் நடைமுறைக்கு வந்தபோது, பதினோராவது அட்டவணையின் 29 பொருள்களில் குடிநீரும் ஒன்று. கேரளம் 1996-ல் மக்கள் திட்டத்தைத் தொடங்கி, திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளுக்கு வழங்கியது. வேறெந்த மாநிலமும் அந்த அளவுக்குத் துணியவில்லை. தமிழகம் இன்றும் அதை அண்ணாந்து பார்க்கும் நிலையில்தான் உள்ளது. ஆரம்ப சுகாதார நிலையம், கால்நடை மருத்துவமனை, கிருஷி பவன் ஆகியவை பற்றி வார்டு உறுப்பினர் கேட்டால் பதில் சொல்ல ஆள் உண்டு. பெரிய குடிநீர்த் திட்டங்கள் மட்டும் 1984-ல் அமைந்த கேரள நீர் ஆணையத்தின் வசம். அதன் பொறியாளர் ஊராட்சிக்குக் கட்டுப்பட்டவர் அல்லர். வட்ட வளர்ச்சிக் குழுவில் அவரைக் கேட்கலாம், அவர் குறித்துக்கொள்வார். அடுத்த கூட்டத்திலும் குறித்துக்கொள்வார்.

ஊராட்சியின் குரலுக்கு உண்மையில் என்ன எடை என்பதை பிளாச்சிமடா காட்டியது. கோபாலபுரத்தை அடுத்த பெருமாட்டி ஊராட்சியில் 2000-ம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய கொக்கோ கோலா ஆலையால் கிணறுகள் வற்றிப் பாழாயின என்று 2002 ஏப்ரலில் ஆதிவாசி மக்கள் போராடத் தொடங்கினர். 2003-ல் ஊராட்சி உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட அவையின் அம்முடிவில் மாநில உள்ளாட்சித் துறை குறுக்கிட்டு நிறுத்திவைத்தது. அதிகாரம் அளித்த கையே அதைப் பிடித்து இழுத்தது. அதன்பின் ஊராட்சி தன் கேள்வியை உயர் நீதிமன்றத்திடம்தான் கேட்க முடிந்தது. நிலத்தடி நீர் பொதுச் சொத்து என்று 2003 டிசம்பரில் தனி நீதிபதி தீர்ப்பளித்தார். 2005-ல் இரு நீதிபதிகள் அமர்வு நாளொன்றுக்கு 5 லட்சம் லிட்டர் வரை எடுக்க அனுமதித்தது. ஆலையோ 2004 மார்ச்சிலேயே நின்றுவிட்டது. இழப்பு 216.26 கோடி ரூபாய் என்று மாநில உயர்நிலைக் குழு 2010-ல் மதிப்பிட்டது. இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்காக 2011-ல் பேரவை நிறைவேற்றிய மசோதா, தில்லியில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்காமல் சட்டமாகாமலே போயிற்று. ஊராட்சியை மாநிலம் நடத்திய விதத்தில் மாநிலத்தை மத்திய அரசு நடத்தியது என்று சொன்னால் திருவனந்தபுரத்துக்குக் கசக்கும். ஆனால் உண்மை அதுவே.

மொழியும் இதில் சேர்ந்துகொள்கிறது. 210-வது பிரிவின்படி, மாநில மொழியிலோ இந்தியிலோ ஆங்கிலத்திலோ போதிய அளவு பேச இயலாத உறுப்பினர் அவைத் தலைவரின் அனுமதியுடன் தாய்மொழியில் பேசலாம். 2021-ல் இடுக்கி மாவட்டம் தேவிகுளத்தின் அ. ராசா தமிழில் உறுதிமொழி ஏற்றார். அவருக்குத் தரப்பட்ட மொழிபெயர்ப்பில் ஒரு சொல் விடுபட்டதால் மீண்டும் ஏற்க நேர்ந்தது. உறுதிமொழிக்கே இந்தப் பாடு என்றால், குடிநீர்க் குழாயின் விட்டத்தையும் மதிப்பீட்டையும் பற்றிய துணைக் கேள்வியைத் தமிழில் கேட்பவர் நிலை என்ன? 1969-ம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியில் தலைமைச் செயலகத்துக்கு எழுதவும், அதே மொழியில் பதில் பெறவும் உரிமை தந்துள்ளது. பேரவையில் அளிக்கப்படும் பதில்களுக்கு அந்த உறுதி இல்லை. எல்லைப்புற ஊராட்சிகளைப் பற்றிய பதில்களையேனும் தமிழில் வெளியிடுவது பெருஞ்செலவு பிடிக்கும் காரியமன்று.

இதில் ஒரு விசித்திரம். 2005-ம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் செலுத்தும் எந்தக் குடிமகனுக்கும் 30 நாள்களுக்குள் பதில் தர அலுவலர் கடமைப்பட்டவர். தவறினால் நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25 ஆயிரம் ரூபாய் வரை அபராதம். வாக்குப் பெற்று வந்த உறுப்பினரின் கேள்விக்குப் பதில் தாமதித்தால் எந்த அலுவலரின் சம்பளத்திலும் காசு குறைவதில்லை. மக்கள் பிரதிநிதி தன் பிரதிநிதித்துவத்தை ஒதுக்கி வைத்துவிட்டுச் சாதாரண மனுதாரராக நின்றால்தான் விரைவில் பதில் பெறுகிறார்!

ஊராட்சி உறுப்பினர் எழுத்து மூலம் கேட்பதற்கு, ஊராட்சி எல்லைக்குள் பணியாற்றும் மாநில அமைப்பு எதுவாயினும் 30 நாள்களுக்குள் பதில் தரவேண்டும் என்று கேரள ஊராட்சிச் சட்டத்தில் ஒரு விதியைச் சேர்ப்பதற்குத் தில்லியின் அனுமதியோ பெருநிதியோ தேவையில்லை. 2025 டிசம்பர் தேர்தலில் வென்று பொறுப்பேற்ற எல்லைப்புற உறுப்பினர்கள் தத்தம் ஊராட்சிகளில் ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றி அனுப்பினால், அதற்குப் பதில் சொல்லவேண்டிய துறை, அன்று பெருமாட்டியின் முடிவை நிறுத்திவைத்த அதே உள்ளாட்சித் துறைதான்.