முதலெழுத்தும் முதனிலையும்

ஆங்கிலச் சொற்களை அகராதி வரிசையில் நெட்டுருச் செய்யும் வழக்கம் மாணவரிடையே உளது. ஒரே எழுத்துக்களில் தொடங்குஞ் சொற்கள் அடுத்தடுத்து நிற்றலின், அவை பொருளாலும் உறவுடையன என்று தோன்றும். அவ்வுறவு சிலவற்றில் உண்மை. சிலவற்றில் வெறுந் தோற்றம். இரண்டனையும் பிரித்தறிதலே சொற்கல்வி என்பது எம் துணிபு.

பழனிமலைத் தொடரிலே, கோடைக்கானலில், கடல்மட்டத்திற்கு 2,343 மீட்டர் உயரத்தில் வானாய்வு நிலையமொன்று உண்டு. 1899-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற அந்நிலையம் 1901 முதல் ஞாயிற்றை ஆராய்ந்து வருகின்றது. அங்கு நெடுங்காலம் பயன்பட்ட கருவியொன்றின் பெயர் 'ஸ்பெக்ட்ரோஹீலியோகிராப்' என்பது. கேட்ட அளவில் அஞ்சத்தக்க இப்பெயரைப் பிரித்து நோக்குமின். 'ஸ்பெக்ட்ரம்' என்பது ஒளி பல நிறங்களாகப் பிரிந்து தோன்றும் நிறமாலை. 'ஹீலியோஸ்' என்பது கிரேக்க மொழியில் ஞாயிறு. 'கிராப்' என்பது வரைதல். ஞாயிற்றொளியினின்று ஒரு நிறத்தை மட்டும் பிரித்து, அந்நிறத்தில் ஞாயிற்றின் உருவைப் பதிவு செய்யுங் கருவி என்பது பெயரிலேயே அடங்கிக் கிடக்கின்றது.

இம்முதனிலையை அறிந்தார்க்கு அதன் சுற்றமும் விளங்கும். 1868-இல் ஞாயிற்றின் நிறமாலையில் மஞ்சட் கோடொன்றாகக் காணப்பட்டு, 1895-இல் இராம்சே என்னும் அறிஞரால் மண்ணுலகிலும் கண்டறியப்பெற்ற வளி, ஞாயிற்றின் பெயராலேயே 'ஹீலியம்' எனப்பட்டது. 'ஹீலியோட்ரோப்' என்பது ஞாயிற்றை நோக்கித் திரும்புஞ் செடி. ஆயின், ஆங்கிலத்தில் இதே நான்கு எழுத்துக்களில் தொடங்கும் 'ஹெலிகாப்டர்' இக்குடியினதன்று. அது சுருளைக் குறிக்கும் 'ஹெலிக்ஸ்' என்னுஞ் சொல்லும், சிறகைக் குறிக்கும் 'டெரான்' என்னுஞ் சொல்லும் கூடிப் பிறந்தது. எழுத்தொப்புமையை மட்டும் நம்பியவன் அதனை ஞாயிற்றூர்தி என்று கொள்வான்!

தமிழிலும் இந்நிலை உண்டு. வானவில், வானொலி என்பன வானத்தின் வழிவந்தவை. வானரமோ அவற்றோடு எழுத்தால் ஒத்தும் பொருளால் வேறுபட்ட வடசொல். பகுதி விகுதிகளைப் பிரித்துக் காட்டும் நன்னூலைப் பயின்ற நமக்கு இவ்வாராய்ச்சி புதிதன்று.

இதனாற் பெறும் பயன் தேர்வோடு முடிவதன்று. 1916-இல் சேலத்தில் தமிழ்ச் சாஸ்திர பரிபாஷைச் சங்கம் தோன்றி நூறாண்டுகள் கடந்துவிட்டன. கலைச்சொல் ஆக்குவோர் ஒரு முதனிலைக்கு ஒரே தமிழ்ச்சொல்லை வழங்குதல் வேண்டும். 'டெலி' என்பதற்குத் 'தொலை' என்று கொண்டமையால் தொலைபேசி, தொலைநோக்கி, தொலைக்காட்சி என்பன உடன்பிறந்தாரெனச் சிறுவர்க்கும் புலனாகின்றன. 'ஹீலியோ' என்பதனை ஒருகால் ஞாயிறு, ஒருகால் பரிதி, ஒருகால் கதிரவன் எனப் பெயர்த்தால் அச்சுற்றம் சிதறும். செய்யுளுக்கு அழகாகும் சொல்வளம் அறிவியலில் மயக்கமாய் முடியும்.

தமிழ் வழியிற் பயின்று கல்லூரி புகும் மாணவர் சிலர், நீண்ட சொற்களுக்கு அஞ்சியே அறிவியலைக் கைவிடுகின்றனர். அவர்தம் அச்சத்தைப் போக்குதல் தமிழ் பயில்வார் கடன். ஆதலின், மாணவ நண்பர்காள், சொல்லின் முகத்தை மட்டும் கண்டு உறவு கொண்டாடாது, அதன் குடியையும் வினவுமின்.