ஒரு வருஷம் என்ன விலை?

கே.கே. நகரில் சாயங்காலம் ஒரு நடை போனால், கனத்த பையோடு கோச்சிங் முடிந்து வரும் பிள்ளைகள் எதிர்ப்படுவார்கள். என்ன படிக்கிற என்று கேட்டால் சிலரிடமிருந்து ஒரே வார்த்தைதான் வரும்: "ரிப்பீட்டர்." பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது, கல்லூரி ஆரம்பிக்கவில்லை. நீட் நமக்குத் தந்திருக்கும் புது ஜாதி இது.

நீட் சண்டையில் இரண்டு பக்கமும் 'தகுதி' என்ற சொல்லைப் பிடித்துத் தொங்குகிறது. நான் ஒரு எண்ணைப் பிடித்துக்கொள்கிறேன். நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021ல் தந்த அறிக்கைப்படி, 2020-21ல் தமிழ்நாட்டில் எம்பிபிஎஸ் சேர்ந்தவர்களில் 71 சதவீதத்துக்கும் மேல் ரிப்பீட்டர்கள். நீட் இங்கே நுழையும் முன், 2016-17ல், இது 12 சதவீதச் சொச்சம்தான். நாலே வருஷத்தில் தமிழ்ப் பிள்ளைகளின் மூளை மந்தமாகிவிட்டதா என்ன? 180 கேள்வி, சரியென்றால் நாலு, தப்பென்றால் மைனஸ் ஒன்று. இதில் ஜெயிக்கப் பாடம் தெரிந்தால் மட்டும் போதாது, கை பழக வேண்டும். கை பழக ஒரு வருஷம் வேண்டும். அந்த வருஷம் விலைக்குக் கிடைக்கிறது.

என்ன விலை? கோச்சிங் ஃபீஸ், ஹாஸ்டல், மெஸ் எல்லாம் கணக்கில் வரும். கணக்கில் வராதது, "விடு தம்பி, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று சொல்ல முடிகிற ஒரு வீடு. அதே வீட்டில் தங்கச்சிக்கு அந்த வசனம் மாறும்: "பி.எஸ்ஸி. சேந்துரும்மா, எத்தன வருஷம் சும்மா உக்காந்திருப்ப?"

குழுமூர் அனிதா 1200க்கு 1176 எடுத்தவர். அவர் 2017 செப்டம்பர் 1 அன்று இறந்தபோது, இன்னொரு தரம் எழுதியிருக்கலாமே என்று கூசாமல் சொன்னவர்கள் உண்டு. அவருடைய அப்பா நம்ம காந்தி மார்க்கெட்டில் தினக்கூலி. அந்த இன்னொரு வருஷத்தை எந்தக் கூலியிலிருந்து எடுப்பது?

பழைய முறை ஒன்றும் புனிதமில்லை. ப்ளஸ் ஒன் பாடத்தை மூடி வைத்துவிட்டு ப்ளஸ் டூவையே ரெண்டு வருஷம் உருப்போட வைத்த பிராய்லர் பள்ளிகளை நாமக்கல் பக்கம் பார்த்தவர்கள்தானே நாம். அதைத் திருத்தியிருக்க வேண்டும். நடந்ததோ, உருப்போடுதல் பள்ளிக்கூடத்துக்கு வெளியே போய்த் தனிக்கடை வைத்ததுதான்.

சரி, இவ்வளவு வடிகட்டித் தகுதியாவது தேறுகிறதா? 2022ல் பொதுப்பிரிவுக்கான நீட் தேர்ச்சி மதிப்பெண் 720க்கு 117. பணமிருந்தால் அந்த 117ஐ வைத்துக்கொண்டு தனியார் கல்லூரி இடத்துக்குப் போகலாம். 400 எடுத்தும் அரசு இடம் கிடைக்காமல், கட்ட வழியும் இல்லாத பிள்ளை மறுபடி கோச்சிங்குக்குப் போகும். மேற்படிப்பு நீட் கதை இன்னும் கேவலம். 2023 செப்டம்பரில், இடங்கள் காலியாகக் கிடக்கின்றன என்று கட் ஆஃபை பூஜ்ஜியம் பர்சன்டைலுக்கு இறக்கினார்கள். பரீட்சை எழுதியவர் எல்லாரும் தகுதியானவர்தான், மைனஸ் மார்க் வாங்கியவர் உட்பட. தகுதி என்பது காலி இடத்தைப் பார்த்து ஏறி இறங்குகிற சரக்கு என்றால், 17 வயதுப் பிள்ளையிடம் மட்டும் ஏன் அதை வேதம்போல ஓதுகிறீர்கள்?

2020ல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு நல்ல காரியம். அரசுப் பள்ளிப் பிள்ளைகள் மறுபடி மருத்துவக் கல்லூரிக்குள் போனது அதனால்தான். ஆனால் அது நீட்டுக்கு உள்ளே போட்ட ஒட்டு. ஒரு வருஷம் வாங்க முடியாத வீடு அதற்கு வெளியேயும் நிறைய இருக்கிறது.

நீட் விலக்கு மசோதாவைக் குடியரசுத் தலைவர் ஏற்கவில்லை என்று 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் சொல்லிவிட்டார்கள். சட்டப் போராட்டம் நடக்கட்டும். அதுவரைக்கும் ஒரு சின்ன வேலையாவது செய்யலாம்: நம் மாநில ரேங்க் லிஸ்ட்டில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் 'எத்தனையாவது முயற்சி' என்று ஒரு கட்டம் சேர்க்கட்டும். ரிப்பீட்டர் பிள்ளைகளைக் கேவலப்படுத்த அல்ல, அவர்கள் உழைப்பு நிஜம். ஃப்ளெக்ஸில் சிரிக்கும் அந்த மார்க்குக்கு எத்தனை வருஷம் செலவானது என்பதையும் பெற்றவர்கள் படித்துவிட்டு ஃபீஸ் கட்டட்டும்.