ஒரு சாதாரண நாள்

சென்ற தீபாவளியன்று என்ன செய்தீர்கள் என்று கேட்டால் தயங்காமல் சொல்லிவிடுவீர்கள். தீபாவளி கழிந்து மூன்றாவது வாரத்துச் செவ்வாய்க்கிழமை என்ன செய்தீர்கள்? விழிக்க வேண்டியதுதான். விசேஷ நாட்களை நினைவில் வைக்க வீட்டிலும் நாட்டிலும் ஏற்பாடு உண்டு. சாதாரண நாளுக்கு நாதியில்லை. ஆனால் நம் ஆயுளில் பெரும்பகுதி அந்தச் செவ்வாய்க்கிழமைகளில்தானே கழிகிறது?

சரித்திரத்துக்கும் இதே கதிதான். 1746-ல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தனர்; 1748-ல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டனர்; 1761-ல் புதுச்சேரி வீழ்ந்தது. பள்ளிப் பிள்ளைகளும் ஒப்பிப்பார்கள். பீரங்கி முழங்காத ஒரு காலைப் பொழுதில் புதுச்சேரிவாசி யாரைப் பார்க்கப் போனான், எதை எண்ணிக் கவலைப்பட்டான்? அதைப் பாடப்புத்தகம் சொல்வதில்லை.

சொல்ல ஒருவர் இருக்கிறார். அவர் துபாஷ் ஆனந்தரங்கப் பிள்ளை. 1709-ல் சென்னைப் பெரம்பூரில் பிறந்தவர். புதுச்சேரியில் பெரும் வியாபாரி. கவர்னர் துய்ப்ளேயின் நம்பிக்கைக்குரியவர். 1736 செப்டம்பரில் அவர் தொடங்கிய நாட்குறிப்பு, 1761 ஜனவரியில் அவர் காலமாகும்வரை சுமார் 25 வருஷத்துச் செய்திகளைச் சொல்கிறது. தமிழ் வருஷம், மாதம், தேதி, கிழமை போட்டு எழுதுகிறார். எந்தக் கப்பல் வந்தது, யாருக்கு எத்தனை பீரங்கி மரியாதை, துணி வியாபாரத்தில் யாரோடு யாருக்கு மனத்தாங்கல், எவர் வீட்டில் கல்யாணம், எந்த வேளை நல்ல வேளை என்று எல்லாமே அதில் உண்டு. நடையோ பேச்சுத் தமிழ். பாரசீகமும் போர்த்துக்கீசியமும் பிரெஞ்சும் அதில் தாராளமாகப் புரளும்.

இந்தப் புதையல் தப்பிப் பிழைத்ததே ஆச்சரியம். எழுதியவர் மறைந்து 85 வருஷம் வரை அது வெளியுலகுக்குத் தெரியாமலே கிடந்தது. 1846-ல் கலுவா மொம்பிரேன் என்ற பிரெஞ்சுக்காரர் அதைக் கண்டெடுத்தார். சென்னை சர்க்கார் 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளியிட்டது. தமிழ் மூலம் தொகுதி தொகுதியாக அச்சேறத் தொடங்கியதோ 1948-ல்! தமிழன் தமிழில் எழுதியதைத் தமிழன் அச்சில் படிக்க அத்தனை காலம் பிடித்தது. இடையில் பல ஏடுகள் தொலைந்தும் போயின.

ஏடு ஒன்றே போதுமா? போதாது. பிள்ளை செல்வந்தர், அவர் கண் மாளிகைவாசியின் கண். அவர் விற்ற துணியை நெய்தவன் அன்று என்ன சாப்பிட்டான் என்பதை அவரிடம் கேட்டுப் பயனில்லை. அங்கே கலை துணைக்கு வருகிறது. பிரெஞ்சு யாத்திரிகர் சொன்னரா 1782-ல் வெளியிட்ட நூலின் சித்திரங்களில் நம் தொழிலாளிகள் கருவிகளோடு காட்சி தருகிறார்கள். பெயர் இல்லை, உருவம் இருக்கிறது. நம் காலத்தில் பிரபஞ்சன் அந்த நாட்குறிப்பை ஆதாரமாகக் கொண்டு ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ என்ற நாவல்களை எழுதினார். பின்னதற்கு 1995-ல் சாகித்திய அகாதமி பரிசு கிடைத்தது. ஏடு மௌனம் சாதிக்கும் இடத்தில் நாவலாசிரியர் பேசுகிறார். ஆனால், ஏடு முடிந்து கற்பனை தொடங்கும் இடம் எது என்பதை வாசகர் மறக்கலாகாது.

ஞாபகத்துக்கும் ஒரு காவல் வேண்டும். “அந்தக் காலத்தில் எல்லாம் சல்லிசு” என்பார் தாத்தா. அவருடைய கணக்கு நோட்டைப் புரட்டினால் மாதக் கடைசியில் கைமாற்று வாங்கியது தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் தாத்தாவே முழுசாகத் தெரிவார்.

அந்தக் கணக்கு நோட்டைத்தான் நாம் பழைய பேப்பர்க்காரரிடம் எடைக்குப் போடுகிறோம்! கல்யாண ஆல்பம் பீரோவில் பத்திரமாக இருக்கும். மளிகைச் சிட்டையும் கடிதக் கட்டும் போகிப் பண்டிகையில் எரியும். இன்று கைபேசியில் ஆயிரம் படம் எடுக்கிறோமே என்று சொல்லலாம். அவற்றில் சிரித்த முகம் இருக்கும். அன்றைய அரிசி விலை இருக்குமா? குழாயில் தண்ணீர் வந்த நேரம் இருக்குமா?

நாம் எல்லோரும் ஆனந்தரங்கப் பிள்ளை ஆக வேண்டியதில்லை. பரணில் இருக்கும் பெட்டியை எடைக்குப் போடுமுன் ஒரு முறை திறந்து பாருங்கள். வீட்டில் மூத்தவரிடம் உட்கார்ந்து, அவர் கல்யாணத்தைப் பற்றியல்ல, கல்யாணத்துக்கு மறு வாரம் என்ன சமைத்தார்கள் என்று கேளுங்கள். இன்றிரவே ஒரு பக்கம் எழுதி வையுங்கள். இன்று ஒன்றுமே நடக்கவில்லையே என்கிறீர்களா? அதைத்தான் எழுத வேண்டும்.