கம்பி வைத்ததோடு கடமை முடிந்ததா?

ரமணாசிரமம் பகுதியில், செங்கம் ரோட்டோரம் கொத்து வேலையும் லாட்ஜு வேலையும் செய்து பிழைக்கும் நம் தோழர்களிடையே ஒரு பேச்சு உலவுகிறது: "ஸ்டென்ட் வைத்தாகிவிட்டது, அடைப்பு போய்விட்டது, இனி மாத்திரை எதற்கு?" இது ஆளைக் கொல்லும் பேச்சு! பழி தொழிலாளி மேல் அல்ல. லட்சக்கணக்கில் பில் எழுதிவிட்டு, நாலு வார்த்தை விளக்கிச் சொல்லாமல் வீட்டுக்கு அனுப்புகிறவர்கள் மேல்தான்.

விஷயம் இதுதான். ரத்தக் குழாயின் உட்புறம் ஒரே அடுக்குச் செல்களால் ஆன மெல்லிய படலம் இருக்கிறது. அது நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரந்து குழாயைத் தளர்த்துகிறது. ரத்தம் கட்டாமலும் காக்கிறது. (இந்த வாயுவின் வேலையைக் கண்டவர்களுக்கு 1998ல் நோபல் பரிசு.) பலூனை ஊதி ஸ்டென்டைப் பதிக்கும்போது அந்தப் படலம் சிராய்ந்து போகிறது. வெறும் உலோக ஸ்டென்டில், உள்ளே சதை வளர்ந்து குழாய் மறுபடி சுருங்கும் தொல்லை இருந்தது. அதைத் தடுக்க மருந்து பூசினார்கள். நல்லதுதான். ஆனால் சதையைத் தடுக்கும் அதே மருந்து, படலம் திரும்ப முளைப்பதையும் தாமதப்படுத்துகிறது. முளைத்த பிறகும் அது உடனே பழையபடி வேலை செய்வதில்லை. அதுவரை அந்த உலோகத்தில் ரத்தம் கட்டாமல் காப்பது ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்ற மாத்திரைகளே. வழக்கமாக 6 மாதம் முதல் ஓராண்டு வரை இரண்டும் வேண்டும். பிறகும் ஒன்று வேண்டும். டாக்டரைக் கேளாமல் நிறுத்தினால் ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் கட்டி மாரடைப்பு வரும். பீடியும் அந்தப் படலத்தைத்தான் தின்கிறது, தோழர்களே!

கம்பிக்கு இவர்கள் வாங்கிய விலை என்ன? 2017 பிப்ரவரிக்கு முன் மருந்து பூசிய ஸ்டென்டின் சராசரி விலை 1,21,400 ரூபாய். ஒரு வழக்கறிஞர் டெல்லி உயர்நீதிமன்றப் படியேறிய பிறகுதான், பிப்ரவரி 13 அன்று, மருந்து விலை நிர்ணய ஆணையம் 29,600 ரூபாய் என்று உச்சவரம்பு கட்டியது. ஆஸ்பத்திரிகளின் லாபம் 654 சதவீதம் வரை போயிற்று என்பது அந்த ஆணையமே வெளியிட்ட கணக்கு. விலை கட்டினால் புதுச் சரக்கு வராது என்று பன்னாட்டுக் கம்பெனிகள் மிரட்டின. முக்கால் பங்கு விலை சரிந்தும் ஸ்டென்ட் வருவது நின்றுவிட்டதா?

மாத்திரை விலை கம்பியைப் போல் இல்லைதான். ஆனால் அதை வாங்க ஒரு நாள் கூலியை இழந்து டவுனுக்குப் போகவேண்டியிருந்தால், நெஞ்சுவலி நின்ற மனிதர் எத்தனை மாதம் போவார்? 2023 ஜூனில் 'இதயம் காப்போம்' திட்டம் வந்தது. மாரடைப்போடு வருகிறவருக்கு அந்த நிமிடமே கொடுக்க இதே இரண்டு மாத்திரைகளும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்தன. அங்கேயே, ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு மாதந்தோறும் தட்டில்லாமல் கொடு! டிஸ்சார்ஜ் சீட்டில், எந்த மாத்திரை, எதுவரை என்று தமிழில் எழுது!