அப்பாவின் கேசட்டை இந்த வாரமே எடுங்கள்

வெள்ளிக்கிழமை மாலையில் பெங்களூரின் எலெக்ட்ரானிக் சிட்டியில் கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் பஸ்ஸுக்கு நிற்கும் கூட்டத்தில் பலர் காதிலும் இயர்போன் இருக்கும். இளையராஜா பாட்டு எது வேண்டுமானாலும் நொடியில் செல்போனில் வந்துவிடுகிறது. ஆனாலும் நாற்பதைத் தாண்டியவர்களிடம் பிடித்த பாட்டைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தால், அது ஊர் வீட்டு பீரோவில் கிடக்கும் ஏதோ ஒரு கேசட்டில் போய் நிற்கும். இந்தப் பாட்டுக்கு அடுத்தது எது என்பதுவரை மனப்பாடமாகச் சொல்வார்கள். செல்போனில் அந்த இடத்தில் வேறு பாட்டு வந்தால் காது ஏற்றுக்கொள்ளாது.

அந்த வரிசை அப்பாவோ அண்ணனோ போட்டது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் தமிழ்நாட்டின் சின்ன ஊர்களில்கூட ரெக்கார்டிங் சென்டர் இருந்தது. நோட்டுத் தாளில் பட்டியல் எழுதி, காலி டிடிகே கேசட்டையோ சோனி கேசட்டையோ சேர்த்துக் கொடுத்துவிட்டு வர வேண்டும். 60 நிமிட கேசட்டில் பக்கத்துக்கு 30 நிமிடம். ஆறேழு பாட்டுக்கு மேல் கொள்ளாது. எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று வீட்டில் ஒரு பஞ்சாயத்தே நடக்கும். கடைசிப் பாட்டு சரணத்தின் நடுவில் அறுந்து நிற்கும். அந்தக் கேசட்டைக் கேட்டு வளர்ந்தவருக்கு இன்றும் பாட்டு அங்கேதான் முடிகிறது.

சினிமாப் பாட்டு எங்கும் போய்விடாது. எம்.எஸ். சுப்புலட்சுமியின் வெங்கடேச சுப்ரபாதம் இசைத்தட்டாக வந்தது 1963-ல். பிலிப்ஸ் நிறுவனம் கேசட்டை அறிமுகப்படுத்தியதும் அதே ஆண்டுதான். அந்தச் சுப்ரபாதத்தைக் காப்பாற்ற எத்தனையோ பேர் உண்டு. பழைய கிராமபோன் தட்டுகளுக்கும் ஆள் உண்டு: பெங்களூரைச் சேர்ந்த வரலாற்றாசிரியர் விக்ரம் சம்பத் தொடங்கிய ‘ஆர்கைவ் ஆஃப் இந்தியன் மியூசிக்’ அவற்றை டிஜிட்டலாக்கி இணையத்தில் இலவசமாகக் கேட்க வைத்தது. ஆனால் பாட்டி பாடிய தாலாட்டு, கல்யாணத்தில் டேப்ரிக்கார்டர் வைத்துப் பிடித்த நாதஸ்வரம், துபாயிலிருந்து சித்தப்பா கடிதத்துக்குப் பதிலாகப் பேசி அனுப்பிய கேசட்? இவற்றுக்கு உலகத்தில் ஒரே பிரதிதான். அதிலும் பூஞ்சை ஏறிக்கொண்டிருக்கிறது.

எலெக்ட்ரானிக் சிட்டிக்காரர்களுக்கு இதை மீட்பது பெரிய வேலையே இல்லை. ஓடுகிற டெக் ஒன்று, லேப்டாப்பில் செருக ஒரு யூஎஸ்பி ஆடியோ கார்டு, காசில்லாமல் கிடைக்கும் ஆடாசிட்டி மென்பொருள், இவ்வளவு போதும். டெக்கின் பெல்ட் தளர்ந்திருந்தால் பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக் கடைகளில் தேடிப் பார்க்கலாம். போடுவதற்கு முன் கேசட்டின் முதுகுப் பக்கத்தை ஒருமுறை பாருங்கள். இரு மூலையிலும் சின்ன பிளாஸ்டிக் தகடு இருந்தால் உடைத்துவிடுங்கள். யாராவது அந்தப் பொந்தில் செல்லோடேப் ஒட்டியிருந்தால் பிய்த்துவிடுங்கள். கை தவறி ரெக்கார்ட் பட்டன் அழுந்தினாலும் அப்புறம் பாட்டி குரல் அழியாது.

90 நிமிட கேசட்டை ஏற்ற வீட்டு டெக்கில் 90 நிமிடம் ஆகும். அந்த நேரம் வீண் அல்ல. அப்பாவை அப்போதுதான் பக்கத்தில் உட்காரவைக்க வேண்டும். எந்த ஊரில் பதிந்தது, யார் கேட்ட பாட்டு, நடுவில் இருமுவது யார் என்று அவர்தான் சொல்ல முடியும். அவர் சொல்வதையும் செல்போனில் பதிந்து அதே ஃபோல்டரில் வைக்க வேண்டும். இதைச் செய்யாமல் கேசட்டை மட்டும் ஏற்றி வைத்தால், அடுத்த தலைமுறைக்கு அது யாரோ பாடிய எதுவோ ஆகிவிடும்.

1902-ல் கல்கத்தாவில் கிராமபோன் கம்பெனிக்குப் பாடிய கௌஹர் ஜான், பாட்டு முடிந்ததும் தன் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்வார். தட்டு அச்சானது ஜெர்மனியில். யார் பாடியது என்று அங்கே தெரிய வேண்டுமே. கடைசிக் காலத்தில் மைசூர் சமஸ்தானத்தில் பணியாற்றி 1930-ல் அங்கேயே இறந்த அந்தப் பாடகியின் பெயர், இன்றும் அவர் குரலிலேயே கேட்கிறது. வீட்டுக் கேசட்டுகளில் யாரும் பெயர் சொல்லவில்லை. அட்டையில் பால்பாயின்ட் பேனாவில் எழுதியதும் மங்கிவிட்டது.

தனியாகச் செய்ய முடியாதவர்களும் உண்டு. அல்சூரில் இருக்கும் பெங்களூர் தமிழ்ச் சங்கமோ, எலெக்ட்ரானிக் சிட்டியைச் சுற்றியுள்ள அபார்ட்மென்ட் சங்கங்களோ, மாதத்தில் ஒரு ஞாயிறு இரண்டு டெக்குகளைப் போட்டு வைத்தால் போதும். வேலை தெரிந்த இன்ஜினியர்கள் அந்தந்தக் கட்டடத்திலேயே இருக்கிறார்கள். பெரியவர்கள் கேசட்டோடு வரட்டும்.