சொற்களைத் திருத்திய கலைஞன்

பால் ராப்சன் என்றதும் முதலில் நினைவில் எழுவது ஒரு குரல். அடுத்து, அரசின் அடக்குமுறைக்குப் பலியான ஒரு போராளி. இந்த இரண்டு பிம்பங்களும் சேர்ந்து அவருக்குள் இருந்த நடிகரை ஏறக்குறைய மறைத்துவிட்டன என்பது என் எண்ணம். தாம் நடித்த படத்தைத் தாமே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிய நடிகர்கள் உலகில் அதிகம் பேர் இல்லை. அந்த ராப்சனைப் பற்றித்தான் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

1898இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் நகரில் பிறந்தவர். தந்தை அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்து மதபோதகரானவர். மகன் 1923இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சட்டம் முடித்தார். பணிக்குச் சேர்ந்த அலுவலகத்தில், கறுப்பர் சொல்வதை எழுத மாட்டேன் என்று ஒரு வெள்ளைச் சுருக்கெழுத்தாளர் மறுத்தார். ராப்சன் அத்தொழிலை விட்டு மேடைக்கு வந்தார். 1924இல் யூஜின் ஓநீலின் நாடகங்கள் அவருக்குப் புகழ் தந்தன. 1929இல் லண்டனின் சவாய் ஓட்டல் உணவகத்தில் நிறத்தைக் காரணம் காட்டி அவருக்கு இடம் மறுக்கப்பட்டது. மறு ஆண்டே, அதை ஒட்டியிருந்த சவாய் அரங்கில், பெக்கி ஆஷ்கிராஃப்ட் டெஸ்டமோனாவாக நடிக்க, அவர் ஒதெல்லோவாக நின்றார். மேடையில் மன்னிக்கப்பட்ட நிறம் உணவு மேசையில் மன்னிக்கப்படவில்லை.

திரைப்படம் அவரைச் சோதித்த விதம் வேறு. 1935இல் வெளிவந்த 'சாண்டர்ஸ் ஆஃப் தி ரிவர்' படத்தில் போஸாம்போ என்ற ஆப்பிரிக்கத் தலைவனாக நடித்தார். ஆப்பிரிக்க மொழிகளைக் கற்றுக்கொண்டிருந்த காலம் அது. ஆப்பிரிக்கப் பண்பாட்டின் மேன்மையை இப்படம் காட்டும் என்று நம்பினார். வெளிவந்ததோ, வெள்ளை அதிகாரி ஒருவன் தந்தையைப் போல ஆண்டு காக்கும் பேரரசுத் துதி. இங்கே ஒரு வினோதம் உண்டு. அப்போது லண்டனில் படித்துக்கொண்டிருந்த ஜோமோ கென்யாட்டா அதில் ஒரு துணைநடிகர். பின்னாளில் அதே பேரரசிடமிருந்து விடுதலை பெற்ற கென்யாவின் தலைவரானவர்!

சம்பளம் வாங்கிக்கொண்டு மௌனமாக இருந்திருந்தால் யாரும் அவரைக் கேட்டிருக்க மாட்டார்கள். ராப்சன் அந்தப் படத்தை வெளிப்படையாக நிராகரித்தார். தாம் நடிப்பது மட்டுமே தம் பொறுப்பு, பின்னர் வெட்டி ஒட்டுவது பிறர் பொறுப்பு என்ற வசதியான பிரிவினையை அவர் ஏற்கவில்லை. பின்னர் வந்த 'சாங் ஆஃப் ஃப்ரீடம்' (1936) படத்தில் இறுதி வடிவத்தின் மீது தமக்கு உரிமை வேண்டும் என்று கேட்டுப் பெற்றார். 'தி ப்ரௌட் வேலி' (1940) படத்தில் வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளர்களுடன் தோளோடு தோள் நிற்கும் கறுப்பினத் தொழிலாளியாக வந்தார். 1942இல் 'டேல்ஸ் ஆஃப் மன்ஹாட்டன்' மீண்டும் கறுப்பர்களைப் பேதைகளாகக் காட்டியபோது, கதைப்படங்களில் நடிப்பதையே நிறுத்திக்கொண்டார்.

'ஓல் மேன் ரிவர்' பாடலுக்கு நேர்ந்ததும் இதுதான். அவருக்கு உலகப்புகழ் தந்த பாட்டு அது. 1930களின் பிற்பகுதியிலிருந்து அதன் சொற்களை மேடைகளில் மாற்றிப் பாடினார். சலிப்பு இருந்த இடத்தில் போராட்டம் வந்து அமர்ந்தது. 1943இல் அவரது ஒதெல்லோ பிராட்வேயில் 296 முறை நடந்தது. அதுவரை எந்த ஷேக்ஸ்பியர் நாடகமும் அங்கே அத்தனை முறை நடந்ததில்லை. ஊர் ஊராகச் சென்றபோது, நிறம் பிரித்து அமர வைக்கும் அரங்குகளில் நடிக்க மறுத்தார்.

1950இல் அமெரிக்க அரசு அவரது கடவுச்சீட்டை முடக்கியது. 1957இல் வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர் விழாவுக்கு அவரால் போக முடியவில்லை. நியூயார்க்கிலிருந்து தொலைபேசி வழியே பாடினார். கடல் தாண்டிய பாட்டை அரசால் தடுக்க இயலவில்லை. 1958இல்தான் கடவுச்சீட்டு திரும்பக் கிடைத்தது.

இத்துடன் முடித்தால் இது துதிப்பாடலாகிவிடும். 1949இல் மாஸ்கோவில், சிறையிலிருந்த யூதக் கவிஞர் இட்ஸிக் ஃபெஃபரை ராப்சன் சந்தித்தார். ஒட்டுக்கேட்கப்படும் அறையில், தமக்குக் காத்திருக்கும் முடிவைக் கவிஞர் சைகையால் உணர்த்தியதாக ராப்சனின் மகன் பின்னாளில் எழுதினார். அன்றைய மாஸ்கோ கச்சேரியில் ராப்சன் இத்திஷ் மொழியில் யூத எதிர்ப்புப் போராளிகளின் பாடலைப் பாடினார். அது துணிச்சல்தான். ஆனால் நாடு திரும்பியபின் வெளிப்படையாக ஒரு சொல் சொல்லவில்லை. 1952 ஆகஸ்டில் ஃபெஃபர் கொல்லப்பட்டார். அவ்வாண்டின் இறுதியில் ராப்சனுக்கு ஸ்டாலின் பரிசு அறிவிக்கப்பட்டது. அவர் அதை ஏற்றுக்கொண்டார்.

எதிரிகளின் கையில் ஆயுதம் கொடுக்கலாகாது என்று அவர் கருதியிருக்கலாம். வேட்டையாடப்பட்ட ஒரு மனிதனின் அச்சத்தை நாற்காலியில் அமர்ந்தபடி எடைபோட எனக்குத் தயக்கமே. ஆயினும் அந்த மௌனத்தைப் பிழை என்றுதான் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்வதற்கான அளவுகோலை நமக்குத் தந்தவரும் அவர்தான். தன் பெயரில் வெளியே போகும் ஒவ்வொரு சொல்லுக்கும் கலைஞன் பொறுப்பு என்று வாழ்ந்து காட்டியவர், சொல்லாமல் விட்ட சொல்லுக்கும் பொறுப்பாகிறார். 1976இல் ஃபிலடெல்பியாவில் அவர் மறைந்தார். அவரைச் சிலையாக்காமல், அவர் தம் படங்களைப் பார்த்த அதே கண்ணால் அவரையும் பார்ப்பதே நாம் அவருக்குச் செய்யும் மரியாதை என்று நம்புகிறேன்.